காப்பாற்றிய குழந்தைக்கு இரும்புச்சத்து யார் தருவது?

ஏழாம் மாதத்தில் ஒன்றேகால் கிலோ எடையோடு பிறக்கும் குழந்தையைக் காப்பாற்றும் வல்லமை இன்று கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகளுக்கு உண்டு. தனியார் மருத்துவமனையில் லட்சங்களை விழுங்கும் சிகிச்சை அது. கானிங்கிலிருந்து விடியற்காலை ரயிலேறி வந்து நகரத்து வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண்ணின் குழந்தைக்கும் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. இது சாதாரண வெற்றியல்ல. ஆனால் அக்குழந்தை மருத்துவமனையை விட்டு வெளியேறிய நாள் முதல் ஆறு மாதம் நிறையும் வரை, அதன் உடலில் உள்ள சொற்ப இரும்புச்சத்து தீர்ந்துகொண்டே போகிறது. அதை ஈடுசெய்யும் பொறுப்பு யாருடையது? ஒன்றிய அரசு 2018ல் பெரும் விளம்பரத்துடன் தொடங்கிய ‘அனீமியா முக்த் பாரத்’ திட்டத்தில் இக்கேள்விக்கு விடை இல்லை. அத்திட்டம் ஆறு பிரிவினரைப் பயனாளிகளாகக் கொள்கிறது. அவர்களில் மிக இளையவர், ஆறு மாதம் நிறைந்த குழந்தை. அதற்கு முன்பே இருப்பு காலியாகிவிடும் குறைமாதக் குழந்தை அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது.

மருத்துவர்கள் பேச வேண்டிய நுணுக்கமான விஷயம் அரசியல் வார இதழில் எதற்கு என்று சில தோழர்கள் நினைக்கலாம். உலகில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் இந்தியாவில் பிறக்கிறது. 2020ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டின்படி இது சுமார் 30 லட்சம். அவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டுக் குழந்தைகள் என்பது நமக்குத் தெரியும். ஆகவே இது நம்முடைய விஷயம்தான்.

புருலியா காட்டிய வழி

2002ல் கொல்கத்தா பி.சி. ராய் குழந்தைகள் மருத்துவமனையில் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தது மாநிலத்தையே உலுக்கியது. இடது முன்னணி அரசு கடும் விமர்சனத்துக்கு ஆளானது. மாவட்டங்களில் வசதி இல்லாததால் உயிருக்குப் போராடும் குழந்தைகள் எல்லாம் தலைநகரை நோக்கி அனுப்பப்பட்டன என்பதும், அவர்களில் பலர் மிகத் தாமதமாகவே வந்து சேர்ந்தார்கள் என்பதும் அப்போது பேசுபொருளாயின. தலைநகரில் கட்டில்களை மட்டும் கூட்டிக்கொண்டே போவது இதற்குத் தீர்வாகாது.

மறு ஆண்டு, மாநிலத்தின் மிகப் பின்தங்கிய, வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒன்றான புருலியாவில், தேபேன் மஹதோ சதர் மருத்துவமனையில், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவு திறக்கப்பட்டது. கொல்கத்தா எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை மருத்துவர் அருண் சிங் இதன் பின்னணியில் இருந்தார். மாநில அரசும் யுனிசெஃப்பும் கைகோத்தன. செவிலியர் பற்றாக்குறைக்கு அவர்கள் கண்ட வழி குறிப்பிடத்தக்கது. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்களுக்குப் பயிற்சி தந்து, செவிலியர்களின் மேற்பார்வையில் சிசுக்களைப் பராமரிக்கும் உதவியாளர்களாக்கினார்கள். அந்த மருத்துவமனையில் பச்சிளங்குழந்தை இறப்பு குறைந்ததைப் பின்னர் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். அதன் ஆசிரியர்களில் ஒருவர் திலீப் மஹலனோபிஸ். 1971ல் பனகாவ் அகதி முகாமில் காலரா பரவியபோது, உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைத் துணிந்து கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காத்தவர் அவர்.

புருலியாவின் முன்மாதிரி நாடெங்கும் பரவியது. 2011ல் ஒன்றிய அரசு வெளியிட்ட பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு வழிகாட்டுதலில் மாவட்டந்தோறும் இத்தகைய பிரிவு என்பது இடம்பெற்றது. நம் தமிழ்நாட்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் நாம் காணும் பச்சிளங்குழந்தைகள் பிரிவுகளும் இந்த நாடு தழுவிய ஏற்பாட்டின் பகுதியே. மேற்கு வங்க இடது முன்னணி ஆட்சியைப் பற்றி எவ்வளவோ எழுதப்படுகிறது. இதை யாரும் எழுதுவதில்லை என்பதால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அதேநேரம், இடது முன்னணி ஆட்சிக் காலத்திலும் வங்கப் பெண்களிடையே ரத்தசோகை குறைவாக இருக்கவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. அதன்பின் நிலைமை மேலும் மோசமாகியிருக்கிறது. அந்தக் கணக்கைப் பிறகு பார்ப்போம். இப்போது அந்தச் சிறப்புப் பிரிவிலிருந்து உயிரோடு வெளியேறும் குழந்தையைத் தொடர்வோம்.

சேமிப்பு இல்லாமல் பிறப்பவர்கள்

கருவிலிருக்கும் குழந்தை தனக்கான இரும்புச்சத்தின் பெரும்பகுதியைக் கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து பெறுகிறது. நிறைமாதத்தில் மூன்று கிலோ எடையோடு பிறக்கும் குழந்தையிடம் கிலோவுக்கு 75 மில்லிகிராம் வீதம் ஏறத்தாழ 225 மில்லிகிராம் இரும்பு இருக்கும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு. எளிதில் செரிக்கும் வடிவில் இருந்தாலும் அளவு சொற்பமே. ஆயினும் முதல் ஆறு மாதங்களை அந்தச் சேமிப்பை வைத்தே குழந்தை ஓட்டிவிடும்.

ஒரு கிலோவில் பிறந்த குழந்தைக்குக் கதை வேறு. அதனிடம் மொத்தமே 75 மில்லிகிராம் அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அது சில மாதங்களில் மூன்று கிலோவாக வளர்ந்தாக வேண்டும். வளர்ச்சி வேகமாக இருக்க இருக்க இருப்பு வேகமாகக் கரையும். நன்றாகத் தேறி வரும் குழந்தைக்குத்தான் தட்டுப்பாடு முந்தி வருகிறது. இரண்டு மூன்று மாதங்களில் கிடங்கு காலி.

இதற்கிடையே பரிசோதனைக்காக எடுக்கப்படும் ரத்தம் இருக்கிறது. ஒரு கிலோ குழந்தையின் உடலில் ஓடும் ரத்தம் முழுவதையும் சேர்த்தாலும் சுமார் 90 மில்லி லிட்டர்தான் தேறும். தேநீர்க் கடையின் சின்னக் கண்ணாடிக் குவளைக்குள் அடங்கிவிடும். அதிலிருந்து ஒரு மில்லி எடுப்பது, பெரியவர் ஒருவரிடமிருந்து அறுபது மில்லி எடுப்பதற்குச் சமம். தீவிர சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு இப்படி எத்தனை முறை எடுக்க வேண்டியிருக்கிறது! மிகச் சிறிய அளவு ரத்தத்தைக் கொண்டே சோதிக்கும் கருவிகள் உண்டு. அவை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை.

இங்கே ஒரு தெளிவு தேவை. குறைமாதக் குழந்தைகளுக்குப் பிறந்து ஒன்றிரண்டு மாதங்களில் வரும் ரத்தக் குறைவு இரும்பு போதாததால் மட்டும் வருவதல்ல. சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் சுரப்பு அந்த வயதில் மந்தமாக இருக்கும். அந்த முதல் சரிவை இரும்பு தடுத்துவிடாது. அதற்குப் பின்னால் வரும் இரண்டாவது சரிவையே இரும்பு தடுக்கும். ஆனால் இரண்டாவது சரிவு வரும்போது குழந்தை மருத்துவமனையில் இருக்காது. சுந்தரவனத்தின் ஒரு தீவுக் கிராமத்திலோ, கிதிர்ப்பூரின் ஒரு குடிசைப் பகுதியிலோ இருக்கும்.

அந்தச் சரிவு தோற்றத்தில் தெரிவதுமில்லை. குழந்தை பால் குடிக்கும், சிரிக்கும், எடை கூடும். பாதிப்பு வேறிடத்தில் நிகழ்கிறது. மூளை மிக விரைவாக வளரும் மாதங்கள் அவை. அந்த வளர்ச்சிக்கு இரும்பு இன்றியமையாதது. சுவீடனில் இரண்டு முதல் இரண்டரைக் கிலோ எடையில் பிறந்த குழந்தைகளுக்கு ஆறாவது வாரம் முதல் ஆறாவது மாதம் வரை இரும்புச் சொட்டு மருந்து கொடுத்து ஆய்வு செய்தார்கள். மூன்றரை வயதில் பார்த்தபோது, இரும்பு பெறாத குழந்தைகளில் 12.7 சதவீதத்தினரிடம் நடத்தைச் சிக்கல்கள் காணப்பட்டன. பெற்றவர்களிடம் இது மூன்று சதவீதத்துக்கும் கீழே. அறிவுத்திறன் மதிப்பெண்ணில் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் அதே ஆய்வு நேர்மையாகச் சொல்கிறது. இத்தனைக்கும் அவை வசதியான நாட்டில் பிறந்த, ஓரளவே எடை குறைந்த குழந்தைகள்.

உலக சுகாதார நிறுவனம் 2011லேயே இதற்கு வழிகாட்டியது. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்து தாய்ப்பால் பருகும் குழந்தைக்கு, இரண்டாவது வாரம் முதல் ஆறு மாதம் வரை, உடல் எடையில் கிலோவுக்கு நாள்தோறும் 2 முதல் 4 மில்லிகிராம் இரும்பு தர வேண்டும் என்றது. 2022ல் அதை விரிவாக்கி, வேறு வழியில் இரும்பு கிடைக்காத, தாய்ப்பால் பருகும் குறைமாத மற்றும் எடை குறைந்த குழந்தைகள் அனைவருக்கும் பரிந்துரைத்தது. நம் நாட்டு மருத்துவர்களும் இதை அறிந்தவர்களே. வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் எழுதியும் தருகிறார்கள்.

தாய்ப்பாலில் இரும்பு குறைவு என்பதைப் பிடித்துக்கொண்டு புட்டிப்பால் வியாபாரிகள் உள்ளே நுழைவார்கள். அதற்கு இடம் தரக் கூடாது. குறைமாதக் குழந்தையைத் தொற்றிலிருந்தும் குடல் அழுகலிலிருந்தும் காப்பது தாய்ப்பால்தான். எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனையில் தாய்ப்பால் வங்கி தொடங்கப்பட்டதும் அதனால்தான். தாய்ப்பாலோடு சில சொட்டு இரும்பு போதும். தாய்ப்பாலுக்குப் பதிலாக மாவுப்பால் என்பது இதற்கு விடையல்ல.

வேறு குழந்தைக்கான குப்பி

சீட்டில் எழுதிய மருந்து கையில் எப்படி வரும்? இங்கேதான் திட்டத்தின் ஓட்டை பளிச்சென்று தெரிகிறது.

அரசுத் திட்டத்தின் கீழ் ஆஷா ஊழியர் வழியாக வழங்கப்படும் இரும்பு மருந்து, ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இரும்பும் 100 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்டது. குப்பியின் மூடியே ஒரு மில்லியாக அளந்து தரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி. அந்த வயதினருக்கு எளிய, நல்ல ஏற்பாடு.

ஆனால் வீடு திரும்பிய இரண்டு கிலோ குழந்தைக்கு, கிலோவுக்கு இரண்டு மில்லிகிராம் கணக்கில், நாளொன்றுக்குத் தேவை நான்கு மில்லிகிராம். அந்தக் குப்பியில் அது ஒரு மில்லியில் ஐந்தில் ஒரு பங்கு. மூடி அளந்து தருவதோ ஐந்து மடங்கு! இரும்பு மிகுந்தால் நஞ்சு. ஆகவே ஆஷா ஊழியரின் பையில் இரும்பு மருந்து இருந்தும் இந்தக் குழந்தைக்கு அதைத் தர முடியாது, தரவும் கூடாது. இதற்குத் தேவை அளவு குறிக்கப்பட்ட சொட்டுக்குழாயுடன் கூடிய சிறு குப்பி. அது மருந்துக்கடைகளில் பல பெயர்களில் விற்கப்படுகிறது. விலையும் மலையளவு இல்லை. ஆயினும் மாதக்கணக்கில் வாங்க வேண்டும். குழந்தையின் எடை கூடக் கூட அளவை மாற்றிச் சொல்ல ஆள் வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரும்பு கொடுத்தால் மலம் கறுப்பாகப் போகும். முன்பே சொல்லாவிட்டால் தாய் பயந்துபோய் நிறுத்திவிடுவார். பாட்டி நிறுத்தச் சொல்வார். பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் வேறொன்றை எடுத்துத் தருவார். ‘இது இயல்புதான், பயப்படாதீர்கள்’ என்று சொல்ல வீட்டுக்கு வரும் ஒரு மனிதர் தேவை. பச்சிளங்குழந்தைக்கான ஆஷாவின் வீட்டு வருகைகள் 42ஆம் நாளோடு முடிகின்றன. அடுத்த திட்டத்தின் வருகை மூன்றாம் மாதம், அதற்கடுத்தது ஆறாம் மாதம். இருப்பு கரையும் அந்த மாதங்களில் அந்த வீட்டுப் படியேறுவது ஒரே ஒரு முறை.

காப்பீடு இருக்கிறதே என்பார்கள். ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் ஆனாலும், 2016ல் திரிணாமுல் அரசு கொண்டுவந்த ‘ஸ்வாஸ்த்ய சாத்தி’ ஆனாலும், அடிப்படையில் உள்நோயாளிக்கானவை. மருத்துவமனையில் படுத்தால் பணம் வரும். படுக்காமல் இருக்க வேண்டிய மருந்துக்கு வராது. வெண்டிலேட்டருக்கு அரசுப் பணம் தனியாருக்குப் போகிறது. சொட்டு மருந்தில் யாருக்கும் பெரிய லாபம் இல்லை. அதனால்தான் அதைப் பற்றிப் பேச ஆளில்லை.

ரேஷன் அரிசியில் இரும்பு கலக்கும் திட்டத்துக்கு ஆயிரக்கணக்கான கோடி ஒதுக்கியிருக்கிறார்கள். பாலைத் தவிர வேறெதுவும் உண்ணாத இக்குழந்தைக்கு அந்த அரிசி எந்த வகையில் உதவும்?

தாயின் ரத்தம்

குழந்தையின் இரும்பு தாயிடமிருந்து வருவது. தாயிடம் இருக்கிறதா? 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி மேற்கு வங்கத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 71.4 சதவீதத்தினர் ரத்தசோகை கொண்டவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 62.5. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 54.2 சதவீதமாக இருந்தது 69 சதவீதமாகிவிட்டது. தமிழ்நாட்டிலும் மார்தட்டிக்கொள்ள எதுவுமில்லை. இங்கே அதே வயதுக் குழந்தைகளில் 57.4 சதவீதம், பெண்களில் 53.4 சதவீதம்.

தாயின் ரத்தசோகை குறைப்பிரசவத்துக்கான அபாயத்தைக் கூட்டுகிறது. குறைப்பிரசவம் குழந்தையின் ரத்தசோகைக்கு வழிவகுக்கிறது. அந்தக் குழந்தை பெண்ணாக இருந்தால் இருபது ஆண்டுகளில் மீண்டும் அதே சுழல். முர்ஷிதாபாத்தில் இரவு பகலாக பீடி சுற்றும் பெண்ணும், வடக்கே தேயிலை பறிக்கும் பெண்ணும், கொல்கத்தாவில் நான்கு வீடுகளில் துணி துவைக்கும் பெண்ணும் கீரையையும் பேரீச்சம்பழத்தையும் பற்றிய அறிவுரை கேட்டு அலுத்தவர்கள். அவர்களுக்குத் தேவை கடைசி மூன்று மாதங்களில் ஓய்வும், அந்த ஓய்வைச் சாத்தியமாக்கும் கூலியும். 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. 2017ல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் அதை 5,000 ஆக்கி, முதல் குழந்தைக்கு மட்டும் என்றது. பின்னர் இரண்டாவது பெண் குழந்தையாக இருந்தால் உண்டு என்று சேர்த்துக்கொண்டார்கள். அதே 2017ல் 26 வார மகப்பேறு விடுப்புச் சட்டத்தையும் நிறைவேற்றிப் பெருமை பேசினார்கள். வீட்டுவேலை செய்யும் பெண்ணின் வாசலுக்கு அந்தச் சட்டம் போவதேயில்லை.

வங்கத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மரபுவழி ரத்தக் குறைபாடுகள். ஹீமோகுளோபின் ‘ஈ’ வகையும் தலசீமியாவும் அங்கே பரவலாக உண்டு. எல்லா ரத்தசோகையும் இரும்பால் தீராது. ஆறு மாதத்துக்குப் பிறகும் தேறாத குழந்தைக்குக் கண்ணை மூடிக்கொண்டு இரும்பைக் கூட்டாமல், ரத்தத்தைச் சோதிக்கும் ஆய்வகம் அருகில் வேண்டும். இது சொட்டு மருந்துக்கு எதிரான வாதமல்ல. பொதுச் சுகாதாரத்தை ஒரு குப்பியாகச் சுருக்கிவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

செலவில்லாத ஒரு நிமிடம்

குழந்தை பிறந்தவுடன் தொப்புள்கொடியை இறுக்காமல் ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்தால், நஞ்சில் தங்கிய ரத்தம் குழந்தைக்கே போய்ச் சேர்கிறது. நிறைமாதக் குழந்தைக்கு இது 80 முதல் 100 மில்லி வரை. டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவர்கள் 2002ல் வெளியிட்ட ஆய்வு, ரத்தசோகையுள்ள தாய்களின் குழந்தைகளுக்கு இப்படிப் பொறுத்ததால் மூன்றாம் மாதத்தில் இரும்பு இருப்பு கூடியிருந்ததைக் காட்டியது. குறைமாதக் குழந்தைகளுக்குப் பயன் இன்னும் பெரிது. 2023ல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடனே இறுக்குவதைவிடப் பொறுத்து இறுக்கினால் மருத்துவமனையில் இறப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

அனீமியா முக்த் பாரத் ஆவணமும் இதை வலியுறுத்துகிறது. ஏட்டில் இருக்கிறது. ஒரே நேரத்தில் நான்கைந்து பிரசவங்களைப் பார்க்கும் செவிலியருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கிறதா என்பதே கேள்வி. பிரசவ அறையில் காலியிடங்களை நிரப்பாமல் சுற்றறிக்கை அனுப்புவது எளிது.

அந்த ரத்தத்துக்கு வேறொரு போட்டியாளரும் வந்துவிட்டார். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கிறோம், நாளை உங்கள் குழந்தைக்கு நோய் வந்தால் உதவும் என்று தனியார் வங்கிகள் கொல்கத்தாவிலும் சென்னையிலும் கர்ப்பிணிகளிடம் பணம் வாங்குகின்றன. இத்தகைய வணிகச் சேமிப்பை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பரிந்துரைக்கவில்லை. குழந்தையின் உடலுக்குள் இன்றே போக வேண்டிய ரத்தத்தைப் பையில் பிடித்து, குளிரூட்டி, ஆண்டுக்கு ஆண்டு வாடகை வாங்குவது! மூலதனத்தின் கற்பனை வளத்துக்கு எல்லையே இல்லை.

எண்ணப்படாதவர்கள்

மேலே சொன்ன சதவீதங்களில் ஆறு மாதத்துக்குட்பட்ட ஒரு குழந்தைகூடக் கிடையாது. தேசிய குடும்ப நல ஆய்வு அந்த வயதினரின் ரத்தத்தை அளப்பதில்லை. ஆகவே குறைமாதக் குழந்தையின் ரத்தசோகைக்கு நாட்டில் எண்ணே இல்லை. எண் இல்லாததற்கு இலக்கு இல்லை, இலக்கு இல்லாததற்கு நிதி இல்லை.

இருந்த எண்ணையும் எடுத்துவிட்டார்கள். ரத்தசோகை கூடியதாக ஆய்வு காட்டியதும், ஆறாவது சுற்றில் அந்த அளவீட்டையே நீக்கிவிட்டு, அதைத் தனியானதொரு உணவு ஆய்வுக்கு மாற்றியது மோடி அரசு. விரல் நுனியில் எடுக்கும் ரத்தத்தைவிட நரம்பில் எடுக்கும் ரத்தமே துல்லியமானது என்பது சொல்லப்பட்ட காரணம். அறிவியல் ரீதியாக அதில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் புதிய முறையைப் பழையதோடு சில ஆண்டுகள் இணையாக நடத்தியிருக்கலாமே! முறையை மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது என்பது அவர்களுக்கும் தெரியும். இந்த ஆய்வை நடத்தும் மும்பை நிறுவனத்தின் இயக்குநர் கே.எஸ். ஜேம்ஸ் 2023 ஜூலையில் இடைநீக்கம் செய்யப்பட்டதும் தோழர்களுக்கு நினைவிருக்கும்.

நாம் என்ன கேட்க வேண்டும்

கோரிக்கை எளியது. சிறப்புப் பிரிவிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு குறைமாத, எடை குறைந்த குழந்தையோடும் அளவுக்குழாயுடன் கூடிய இரும்புச் சொட்டு மருந்து இலவசமாகப் போக வேண்டும். ஆறு மாதம் வரை அது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடையின்றிக் கிடைக்க வேண்டும். இரும்பு மருந்தின் முதல் பயனாளி ஆறு மாதக் குழந்தை என்ற வரையறையை ஒன்றிய அரசு திருத்த வேண்டும்.

மாதந்தோறும் வீடு தேடிச் சென்று எடை பார்த்து அளவைத் திருத்திச் சொல்வது ஆஷா ஊழியரின் வேலையாக வேண்டும். ஆனால் அது இன்னொரு கூலியில்லாச் சுமையாக அவர் தலையில் ஏறக் கூடாது. மூன்றாம் மாதம் முதல் பதினைந்தாம் மாதம் வரை ஒரு குழந்தையை ஐந்து முறை போய்ப் பார்ப்பதற்கு அவருக்கு நிர்ணயிக்கப்பட்ட ஊக்கத்தொகை, ஒரு வருகைக்கு 50 ரூபாய் வீதம், மொத்தம் 250 ரூபாய். 2013ல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு திட்ட ஊழியர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரித்து, குறைந்தபட்சக் கூலியும் ஓய்வூதியமும் தரப் பரிந்துரைத்தது. 2022ல் உலக சுகாதார நிறுவனம் ஆஷாக்களுக்கு விருது அளித்தபோது பிரதமர் வாழ்த்துச் சொன்னார். வாழ்த்து வந்தது, பரிந்துரை கிடப்பில் கிடக்கிறது. ஆஷா, அங்கன்வாடி ஊழியர்களின் போராட்டத்தைச் சம்பளப் போராட்டம் என்று மட்டும் மக்களிடம் கொண்டுசெல்கிறோம். அது இந்தக் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்கான போராட்டமும்தான் என்று எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறோம்?

தமிழ்நாட்டில் வாய்ப்புகள் அதிகம். கிராம சுகாதாரச் செவிலியர்கள் இருக்கிறார்கள். மருந்துகளை மொத்தமாக வாங்கி விநியோகிக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் முப்பது ஆண்டுகளாக இயங்குகிறது. மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துப்போன அமைப்பு அது. சொட்டு மருந்தை வாங்கி வீடு வரை கொண்டுசேர்ப்பது அதற்கு ஒரு சுமையே அல்ல.

1971ல் பனகாவில் மஹலனோபிஸ் குழுவினர் செய்ததை மருத்துவ உலகம் ஆரம்பத்தில் ஐயத்தோடுதான் பார்த்தது. மருத்துவர் கையால் நரம்பில் ஏற்ற வேண்டிய நீரை, வாளியில் கரைத்து உறவினர் கையில் கொடுத்துவிட்டார்களே என்றார்கள். முகாமில் இறப்பு வீதம் 30 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கிய பிறகே பேச்சு மாறியது. அந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் இன்று ஒவ்வொரு ஆஷாவின் பையிலும் இருக்கிறது. அதன் பக்கத்தில் இன்னொரு சிறு குப்பிக்கு இடமுண்டு.

உங்கள் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவிலிருந்து கடந்த மாதம் வீடு திரும்பிய குழந்தைகள் எத்தனை பேர், அவர்களுக்கு இரும்புச் சொட்டு மருந்து மருத்துவமனையிலேயே கொடுக்கப்பட்டதா, வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதப்பட்டதா, எத்தனை மாதத்துக்கு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். கிளைத் தோழர்கள் தங்கள் பகுதியில் அப்படித் திரும்பிய ஒரு குழந்தையின் வீட்டுக்குப் போய், அந்தச் சீட்டையும் குப்பியையும் பார்த்து வரலாம்.